தேசிக்காய் பிழியாத சொதி: விபோர்க்கிலிருந்து ஹிர்ட்ஸ்ஹால்ஸ் வரை

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, டென்மார்க்கில் எங்கள் ஊரான விபோர்க்கிலிருந்து புறப்பட்டோம். எட்டு மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொன்னவள் ஆரணி. எட்டரைக்குத் தலைகூட வாரி இழுக்காமல் வந்து என் வான் வண்டியில் ஏறியவளும் ஆரணிதான். அவள் என் தங்கையின் மகள். இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். கிறீன்லாந்தின் கரையோரக் கடலில் எந்த மீன் எதைத் தின்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். அதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் யன்னல் சட்டம் பொருத்துகிறேன்.

வான் என்னுடையது. கோயில் திருவிழாவுக்குச் சாமான் ஏற்றவென்று பழையதாக வாங்கியது. அதனால் ஊரில் யாருக்கு என்ன ஏற்ற வேண்டுமென்றாலும் என் தொலைபேசிதான் அடிக்கும். இந்த முறை ஏற்ற வேண்டியது மீன். கிறீன்லாந்திலிருந்து ஆல்போர்க் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலில், உறைய வைத்த ஒரு பெட்டி வருகிறது. அதை எடுத்துக்கொண்டு வடக்கே ஹிர்ட்ஸ்ஹால்ஸ் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் உள்ள ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வுகூடத்து வாகனத்தை வேறு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். ஆரணியின் கார் ஒரு சூட்கேசுக்கே திணறும்.

விபோர்க்கிலிருந்து ஆல்போர்க் எண்பது கிலோமீற்றர் சொச்சம். ஹொப்ரோ வரை சின்ன வீதி, பிறகு பெருந்தெரு. செப்டெம்பர் கடைசி. வயல்களை உழுது போட்டிருந்தார்கள். பன்றிப் பண்ணைகளின் மணம் யன்னலை மூடினாலும் உள்ளே வந்தது. இந்த நாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் காற்றாலைகளையும் சிவப்புக் கூரைகளையும் எழுதுவார்கள். பன்றிச் சாணத்தை எழுத மாட்டார்கள். யூட்லாந்தில் பாதி வழி அதுதான்.

ஹொப்ரோவில் எண்ணெய் அடித்தேன். டீசல் லீற்றர் பதின்மூன்று குறோணர். ஒரு கோப்பி இருபத்தொன்பது குறோணர். அந்தக் கோப்பியைக் குடித்தால் டீசலை ஏன் குடிக்கவில்லை என்று யோசிக்க வரும்.

"பெட்டிக்குள்ள என்ன மீன்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வகை மாமா. ஒண்டு கொட். மற்றது உல்க்."

கொட் மீனை டென்மார்க்கில் எல்லாரும் தின்கிறோம். உல்க் எனக்குத் தெரியாது.

"தலை பெருசு, வாய் அதைவிடப் பெருசு, உடம்பெல்லாம் முள்ளு. அடியில கல்லோட கல்லா அசையாமல் கிடக்கும். முன்னால வாறதை விழுங்கும்."

"எங்கட சங்கத் தலைவர் மாதிரி."

அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள். கொட் அப்படியில்லையாம், அலைந்து திரிந்து தேடித் தின்னுமாம். இந்த மீன்களைப் பிடித்த கிறீன்லாந்துக் குடாவில் முன்பு கொட் குறைவு. தண்ணீர் சூடாகச் சூடாக அது வடக்கே ஏறி வருகிறது. வந்த கொட்டும் அங்கேயே கிடக்கும் உல்க்கும் ஒரே நண்டையும் ஒரே இறாலையும் ஒரே சின்ன மீனையும் தின்கின்றனவா, எவ்வளவுக்கு ஒன்றாகத் தின்கின்றன என்று வயிற்றை வெட்டிப் பார்ப்பதுதான் இவள் வேலை.

"அப்ப வந்தவன் இருந்தவன்ரை சாப்பாட்டைப் பறிக்கிறான். அதுதானே?"

"அப்பிடி நான் சொல்லேல்லை. ஒண்டைத் தின்னுறது வேறை, பறிக்கிறது வேறை. கடல்ல நிறைய இருந்தா ரெண்டும் திண்டிட்டுத் தன்ர பாட்டில போகும். குறைஞ்சாத்தான் பிரச்சினை."

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல. ஒவ்வொரு தேர்தலுக்கும் தொலைக்காட்சியில் யாராவது ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து, வெளியிலிருந்து வந்தவர்கள் எங்களுடையதைத் தின்கிறார்கள் என்கிறான். நான் வந்த நாளிலிருந்து வரி கட்டுகிறேன். அவனுடைய யன்னலையும் நான்தான் பொருத்தியிருப்பேன். இதையெல்லாம் ஆரணிக்குச் சொல்லத் தொடங்கினேன். ரோல்ட் காடு முழுவதும் சொல்லிக்கொண்டே போனேன்.

"மாமா," என்றாள் அவள். "மீனை விடுங்கோ. அது தேர்தல்ல நிக்கேல்லை."

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். அவளுடைய ஒப்பந்தம் குளிர்காலத்தோடு முடிகிறது. நான்கு இடங்களில் மீன் பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்று இடத்து மீன் முதலே வந்துவிட்டது. நான்காவது, எல்லாவற்றிலும் வடக்கே உள்ள குடா, இந்தப் பெட்டிதான். அங்கே இனிக் கடல் உறையும், ஒரு படகும் போகாது. இந்தப் பெட்டி பழுதானால் அந்தக் குடாவை ஆராய்ச்சியிலிருந்தே வெட்டிவிடு என்று அவளுடைய பேராசிரியை சொல்லிவிட்டாராம்.

"அந்த இடத்தை வெட்டினா, முழுக்கேள்வியும் போச்சு. கொட் புதுசா வந்த இடம் அதுதான். மற்ற மூண்டிலயும் அது முந்தியே இருக்கு."

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் கவனமாக ஓட்டினேன்.

ஆல்போர்க் துறைமுகம் நகரத்துக்குக் கிழக்கே, குடாக்கடலை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது. கிறீன்லாந்துக்குப் போகிற அரிசி, அலுமாரி, குழந்தைச் சவர்க்காரம் எல்லாம் இங்கேதான் ஏறுகிறது. அங்கிருந்து வருவதும் இங்கேதான் இறங்குகிறது. பத்தரைக்குப் போய் நின்றோம். வாசலில் இருந்தவர் மரியாதையாகக் காத்திருக்கச் சொன்னார். பன்னிரண்டரைக்கு இன்னும் மரியாதையாகச் சொன்னார். டேனிஷ்காரர் மரியாதையாகச் சொன்னால் அலுவல் நடக்காது என்று பொருள். குளிர்க் கொள்கலனைத் திறந்து பெட்டி எங்கள் கைக்கு வரும்போது மூன்றரை.

பெட்டி வெள்ளை ரெஜிபோம், பாரமில்லாத நுரைப்பெட்டி. உள்ளே ஒவ்வொரு மீனும் தனித்தனிப் பையில். ஒவ்வொரு பைக்குள்ளும் இலக்கம் எழுதிய சின்னக் கடதாசி. பதினான்கு கொட், ஏறக்குறைய அதேயளவு உல்க். கொட்டில் ஒன்று மட்டும் என் முழங்கையளவு. மற்றவை சாணளவு, ஒன்றரைச் சாண்.

வானில் ஏற்றியதும் ஆரணி ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஆளில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு இந்த நாட்டில் செத்தவனைக்கூடப் பதிய முடியாது. குளிர் அறைத் திறப்புச் சாவி லார்ஸ் என்ற தொழில்நுட்ப உதவியாளரிடம் இருந்தது. அவர் வீட்டுக்குப் போய்விட்டார். கடைசியில் பிடித்துப் பேசினாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து திறப்பாராம். ஒரு மணிக்குப் போய்விட வேண்டுமாம், மகனுக்குக் கால்பந்துப் போட்டி.

அதுவரை மீனை எங்கே வைப்பது? திரும்ப விபோர்க்குக்கு எண்பது கிலோமீற்றர் ஓட எனக்கு விசரா? வடக்கே ஐம்பது கிலோமீற்றரில் யோறிங். அங்கே என் சிநேகிதன் தேவன் இருக்கிறான். அவனுடைய கராஜில் ஆள் படுக்கக்கூடிய ஒரு பெரிய பிறீசர் இருக்கிறது.

"கேக்கவும் வேணுமே மச்சான்," என்றான் தேவன் தொலைபேசியில். "வா. தோசைக்கு மா புளிச்சிருக்கு."

குடாக்கடலுக்குக் கீழே சுரங்கத்தால் ஓடி மறுகரை ஏறினோம். யோறிங்கில் தேவன் வீட்டுக்கு ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆரணி வாசலிலேயே நின்று பேராசிரியைக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கராஜுக்குப் போய்ப் பைகளைப் பிறீசரில் அடுக்கினேன். தேவனின் மனைவி வசந்தி கதவடியில் வந்து நின்றாள்.

"என்னண்ணை, உவ்வளவு மீன்!"

"கிறீன்லாந்து மீன்," என்றேன்.

"கடவுளே, அவ்வளவு தூரத்து மீனே!"

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போக மாட்டார்கள். ஒரு பிஸ்கற் பெட்டியாவது, ஒரு சீப்பு வாழைப்பழமாவது கையில் இருக்கும். நான் அன்று வேறொன்றும் கொண்டு போகவில்லை. கையில் இருந்தது அந்தப் பெட்டிதான். "இது எங்களுக்கோ அண்ணை" என்று எங்கள் வீடுகளில் யாரும் கேட்கவும் மாட்டார்கள். கேட்டால் வந்தவனுக்கு அவமானம். கொண்டு வந்ததைப் பேசாமல் வாங்கி வைப்பார்கள், வந்தவன் போகுமுன் அதிலேயே ஒன்றைச் செய்து அவனுக்குப் போட்டுத்தான் அனுப்புவார்கள்.

இரவுச் சாப்பாட்டில் ஆரணி தன் வேலையைத் தேவனுக்கு டேனிஷில் விளக்கினாள். வயிறு, நண்டு, குடா எல்லாம் சொன்னாள். தேவன் ஓம் ஓம் என்று கேட்டான். வசந்தி அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். தேவனுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. சனிக்கிழமை விடிய ஐந்து மணிக்கே வேலைக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை காலை நான் கீழே இறங்கி வந்தபோது வீடு முழுக்க வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கும் மணம். நல்ல மணம். ஆரணி மீனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கராஜுக்குப் போனாள். உடனே திரும்பி ஓடி வந்தாள்.

"மாமா, கொட் எங்கை?"

நான் அடுப்படியைப் பார்த்தேன். மேசையில் பெரிய தட்டு. அதில் துண்டு துண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மீன். அடுப்பில் பெரிய சட்டியில் தேங்காய்ப்பால் கொதித்தது. வசந்தி அகப்பையோடு திரும்பிச் சிரித்தாள்.

"எழும்பியாச்சே? விடியவே தண்ணியில போட்டு இளக்கிப்போட்டன். என்ன சோக்கான மீன் அண்ணை! தலையெல்லாம் சொதிக்குப் போட்டிருக்கு, துண்டு பொரிக்க. மற்றது பேய் மாதிரி முள்ளு மீன், அதை அண்ணை வந்து வெட்டட்டும் எண்டு தொடேல்லை."

ஆரணி டேனிஷில் ஏதோ சொன்னாள். அவள் பயந்தால் டேனிஷ்தான் வரும். வசந்தி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். எனக்கு மெதுவாகச் சொல்லத் தெரியாது.

"வசந்தி, உது கறிக்குக் கொண்டுவந்த மீனில்லை. பிள்ளையின்ரை ஆராய்ச்சி மீன். குடலும் வயிறும்தான் அவளுக்கு வேணும்."

வசந்தி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் அதைத்தானே முதல்ல எறிஞ்சனான்," என்றாள்.

முதலில் அசைந்தவள் ஆரணி.

"எங்கை எறிஞ்சனீங்கள் அன்ரி?"

"பச்சைப் பையில. வெளியில வாளிக்குள்ள."

டென்மார்க்கில் குப்பையைப் பத்து விதமாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். கடதாசி வேறு, மட்டை வேறு, கண்ணாடி வேறு, சாப்பாட்டு மிச்சம் பச்சைப் பையில் வேறு. இதைப் பற்றி நான் பேசாத கெட்ட வார்த்தை இல்லை. அன்று வாசலில் முழங்காலில் இருந்து அந்தப் பையைப் பிரித்தபோது ஒரு வார்த்தையும் பேசவில்லை. உள்ளே வெங்காயத்தோல், தோசை மா வழித்த கடதாசி, மீன்குடல். வேறொன்றும் இல்லை. ஆரணி கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். வசந்தி துப்புரவாக வெட்டுகிறவள். குடலை ஒரே இழுவையில் எடுத்திருந்தாள். பதினான்கு வயிறும் கிழியாமல் முழுதாக இருந்தன.

"வயிறு தப்பியிட்டுது," என்றாள் ஆரணி. "ஆனா எந்த வயிறு எந்த மீன்ரை எண்டு இனித் தெரியாது. இலக்கமெல்லாம் பைக்குள்ளதான் இருந்தது."

"தெரியாட்டி?"

"ஆர் என்ன திண்டதெண்டு தெரியும். எவ்வளவு பெரிய மீன் திண்டதெண்டு தெரியாது. சின்னக் கொட் திண்டா வேறை கதை, பெரிய கொட் திண்டா வேறை கதை. மீன்ரை அளவை இனி எங்கை எடுக்கிறது, துண்டு துண்டா..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். பிறகு எழுந்து உள்ளே ஓடினாள். நான் பின்னால் போனேன்.

"அன்ரி! தலை சொதிக்குள்ளயே?"

"ஓம் பிள்ளை..."

"புளி விட்டாச்சோ?"

வசந்திக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஆரணி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். மீனின் தலைக்குள் இரண்டு பக்கமும் சின்னக் கல் இருக்கிறது, காதுக்கல். மீன் வளர வளர அந்தக் கல்லும் வளரும். கல்லை அளந்தால் மீனின் நீளத்தைக் கணக்குப் பார்க்கலாம். அந்தக் கல் சுண்ணாம்பு. கொதித்தால் அளவுக்கு ஒன்றும் ஆகாது. புளி பட்டால் கரையத் தொடங்கும்.

"சொதிக்குப் பழப்புளி விடுறதில்லை பிள்ளை," என்றாள் வசந்தி. "தேசிக்காய்தான். அது இறக்கிச் சாப்பிடேக்கைதான் பிழியிறது. இன்னும் பிழியேல்லை."

மேசையில் பாதியாக வெட்டிய தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், இரண்டு இருந்தது. ஆரணி அதைத் தூக்கி யன்னல் விளிம்பில், சட்டிக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். அது என்னவோ வெடிகுண்டு மாதிரி.

தலைகளை வடித்து எடுத்தோம். மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தோம். ஆரணி மீன்தலை தின்னாதவள். அதன் கண் தன்னைப் பார்க்கிறது என்று சின்ன வயதிலிருந்தே சொல்வாள். அன்று தலையைக் கையால் பிளந்து மூளைக்குக் கீழே விரலை விட்டு வெள்ளைக் கல்லை எடுத்தாள். அரிசியைவிடப் பெரிதாக, ஓரம் நெளிந்து, வழுவழுப்பாக இருந்தது. வசந்தி ஒரு தலையில் எப்படி எடுப்பது என்று பார்த்தாள், பிறகு எங்கள் இருவரையும்விடக் கெதியாக எடுத்தாள். எடுக்கும்போதே கன்னத்துச் சதையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"தின்னாதேங்கோ அன்ரி!"

"கல்லைத் தின்னேல்லைப் பிள்ளை. சதையையும் நீ அளக்கப்போறியே?"

அப்போதுதான் ஆரணி அன்று முதல்முறை சிரித்தாள்.

பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். வயிறுகள், தேநீர்க் கோப்பையில் கற்கள், தொடாத உல்க் மீன்கள், எல்லாம் வானில். யோறிங்கிலிருந்து ஹிர்ட்ஸ்ஹால்ஸ் பதினேழு கிலோமீற்றர். போகப் போக மரம் குட்டையாகி, பிறகு இல்லாமல் போகிறது. ஊர் மணல்மேட்டில் இருக்கிறது. மேலே வெளிச்சவீடு, கீழே நோர்வேக்குப் போகிற பெரிய கப்பல், அதற்குப் பக்கத்தில் மீன்பிடிப் படகுகள். காற்று முகத்தில் அடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். மீன் மணம் பன்றி மணத்தைவிடப் பரவாயில்லை.

லார்ஸ் வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும், மகனின் கால்பந்துக் கழகச் சட்டையைப் போட்டிருந்தார். ஆரணி நடந்ததைச் சொன்னாள். மனிதர் ஏசுவார் என்று நான் தயாராக நின்றேன். பதிலுக்குப் பேச எனக்கு நிறைய இருந்தது, முக்கியமாக வெள்ளிக்கிழமை இரண்டு மணியைப் பற்றி. அவர் கேட்டுவிட்டு, "ருசி எப்படி இருந்தது?" என்றார்.

பிறகு ஆரணிக்கு உதவத் தொடங்கினார். இளகிய வயிறுகளை மறுபடி உறைய வைத்தால் உள்ளே இருப்பது கூழாகிவிடுமாம். அன்றே வெட்டிப் பார்த்து மதுசாரத்தில் போட வேண்டும். ஒரு மணி ஆனது. லார்ஸ் வெளியே போய் மகனோடு பேசிவிட்டுத் திரும்பி வந்து கையுறையை மாட்டினார். இரண்டாவது பாதிக்குப் போகலாம் என்றார். வெள்ளிக்கிழமையைப் பற்றி நான் மேலே எழுதியதை மாற்றவில்லை. அது லார்ஸைப் பற்றியதல்ல என்று மட்டும் கொள்ளவும்.

நான் ஒரு முக்காலியில் இருந்து பார்த்தேன். வெள்ளைத் தட்டில் வயிற்றை வெட்டி, உள்ளே இருப்பதைத் தண்ணீரால் கழுவி, இடுக்கியால் பிரிக்கிறார்கள். கொட் வயிற்றில் வெள்ளியாக மின்னும் ஒடுங்கிய சின்ன மீன்கள், நண்டுக்கால், இறால் ஓடு. உல்க் ஒன்றையும் இளக்கி வெட்டினார்கள். அதற்குள்ளும் அதே நண்டுக்கால். அதோடு யாருடையதோ மீன்முட்டை, கூழாங்கல் ஒன்று. வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் கல்லும்தான் போகும்.

கடைசியில் எல்லாவற்றிலும் பெரிய கொட் வயிறு. அது அந்த முழங்கையளவு மீனுடையதாகத்தான் இருக்க வேண்டும். வெட்டினாள். உள்ளே முழுதாக ஒரு குட்டி உல்க். முள் மடங்காமல் அப்படியே.

"பாத்தியே," என்றேன். "சாப்பாட்டை மட்டுமில்லை, ஆளையே திண்டிருக்கு."

ஆரணி பக்கத்துத் தட்டை என் முன்னால் தள்ளினாள். வெட்டிய உல்க்கின் வயிற்றில் மிஞ்சியிருந்த வெள்ளைச் சதைத் துண்டு ஒன்று. அரைவாசி செமித்த சின்னக் கொட்.

நான் குனிந்து இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இந்தப் பெரிய வயிறு முக்கியம்," என்றாள் அவள். "மற்றதுகளை ஒரு கூட்டமாத்தான் கணக்குப் பாக்கலாம். இது ஒண்டைத்தான் அதின்ர மீனோட நிச்சயமாச் சேர்க்க ஏலும். எல்லாத்திலயும் பெரிய வயிறு, எல்லாத்திலயும் பெரிய கல்லு."

தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தாள். கற்களைச் சோடி சோடியாக வைத்தாள். பதின்மூன்று சோடி. எல்லாம் சின்னது.

மேசைக்குக் கீழே பார்த்தோம். வானில் பார்த்தோம். எனக்குத்தான் நினைவு வந்தது. பெரிய தலை சட்டிக்குள் முழுதாகக் கொள்ளாது. வசந்தி அதைக் கத்தியால் இரண்டாகப் பிளந்துதான் போட்டிருப்பாள். நாங்கள் எடுத்தபோது அதில் கல் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அப்படியென்றால் கற்கள் சொதிக்குள்.

ஆரணி வசந்திக்குத் தொலைபேசி எடுத்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. மணி மூன்று. தேவன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பான். வந்தால் பசியோடு வருவான். அவனுக்குச் சொதி என்றால் புளிப்பு வேண்டும்.

மிச்ச உல்க் மீன்களைக் குளிர் அறையில் வைக்க லார்ஸிடம் கொடுத்துவிட்டு வானை எடுத்தேன். அந்தப் பதினேழு கிலோமீற்றரில் என்ன வேகத்தில் போனேன் என்று இங்கே எழுத முடியாது. ஆரணி திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்தாள். பாதி வழியில் வசந்தி எடுத்தாள்.

"அன்ரி, சொதிக்குத் தேசிக்காய் பிழிஞ்சிட்டீங்களோ?"

நான் ஓட்டிக்கொண்டே காதைக் கொடுத்தேன். வசந்தியின் குரல் எனக்கே கேட்டது.

"என்ன கதை பிள்ளை இது? நீங்கள் வராமல் நாங்கள் சாப்பிடுறதே? இவர் வந்து கத்திக்கொண்டு நிக்கிறார். நான் குடுக்கேல்லை. இவர் ராத்திரி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இந்தக் கூத்தே இல்லை. கிடக்கட்டும் பசியோட."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

யோறிங்கில் தேவன் வாசலிலேயே நின்றான், அடி வாங்கிய பெடியன் மாதிரி.

"மச்சான், நான் சொல்லலாம் எண்டுதான் இருந்தனான்..."

"நீ ஒண்டும் சொல்லாதை," என்றேன். "நானும் சொல்லேல்லை."

சொதி தேங்காய்ப்பாலில் வெள்ளையாகத் தடித்திருந்தது. வெள்ளைச் சொதியில் வெள்ளைக் கல் எப்படித் தெரியும்? வசந்தி மாவரிக்கிற அரிதட்டைக் கொண்டு வந்தாள். இன்னொரு சட்டியின்மேல் பிடித்தாள். ஆரணி அகப்பை அகப்பையாக ஊற்றினாள். வெங்காயம் வந்தது, பச்சைமிளகாய் வந்தது, வெந்தயம் வந்தது. வெந்தயத்தைக் கண்டு இரண்டு முறை ஏமாந்தோம். சட்டியின் அடிக்கு வந்தபோது அரிதட்டில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஆரணி விரலால் தொட்டு எடுத்துக் கழுவினாள். பெருவிரல் நகத்தளவு கல். கொஞ்சம் பொறுத்து மற்றது.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். ஓரம் நெளிவு குலையாமல் இருந்தது. கடதாசியில் சுற்றி, சின்னப் போத்தலில் போட்டு, மூடி இறுக்கி, சட்டைப்பைக்குள் வைத்தாள். பிறகுதான் கதிரையில் இருந்தாள்.

இந்தப் பயணத்தில் நான் பார்த்த ஊர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆல்போர்க்கில் துறைமுக வாசல் பார்த்தேன், ஹிர்ட்ஸ்ஹால்ஸில் மீன்வயிறு பார்த்தேன். போகிறவர்கள் வெளிச்சவீட்டில் ஏறிப் பார்க்கலாம், நல்லது என்கிறார்கள். விபோர்க்கில் என் வீட்டிலும் யாராவது மீன் கொண்டு வந்தால் என் மனைவி இதைத்தான் செய்திருப்பாள், கேட்க மாட்டாள். இனி யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு பிஸ்கற் பெட்டியை முதலில் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை இறக்குவேன்.

அந்தக் குடாவில் இரண்டு மீனும் எவ்வளவுக்கு ஒன்றாகத் தின்கின்றன என்று ஆரணி இன்னும் சொல்லவில்லை. கேட்டேன். எண்ணி முடியாமல் சொல்ல மாட்டாளாம். தொலைக்காட்சியில் டை கட்டி வருகிறவனுக்கும் இந்தப் பழக்கம் இருந்தால் நல்லது.

வசந்தி சோறு போட்டாள். பொரித்த மீனை வைத்தாள். வடித்த சொதிக்குள் பிளந்த தலைகளைத் திரும்பப் போட்டு அடுப்பில் ஒரு முறை சூடாக்கி இறக்கினாள். தேவன் தட்டை நீட்டினான். அவள் அவனுக்கு ஊற்றவில்லை. யன்னல் விளிம்பில் காலையிலிருந்து காய்ந்து கிடந்த தேசிக்காயை எடுத்துச் சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு ஆரணியைப் பார்த்தாள்.

"இப்ப பிழியலாமோ பிள்ளை?"

ஆரணி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிழியுங்கோ அன்ரி," என்றாள். பிறகு தட்டை நீட்டினாள். "எனக்கு மீன்தலை ஒண்டு போடுங்கோ."